நாலு சில்லுக்கும் உப்புத் தண்ணீர்

கண்டிக்குக் கடல் கிடையாது. நடுவில் ஒரு குளம், சுற்றிக்கொண்டு ஓட மகாவலி, வருசத்தில் பாதி நாள் மழை. எல்லாமே நல்ல தண்ணீர்தான். அப்படியிருக்க, குண்டசாலையில் துஷாந்தின் வேனுக்கு மட்டும் கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்த வாகனத்துக்கு வருகிற சீக்கு வந்திருந்தது. நாலு அலுமினியச் சில்லுகளிலும் பெயின்ட் கொப்பளித்து, கொப்பளம் உடைந்து, உள்ளேயிருந்து வெள்ளை மாவு உதிர்ந்தது. முன்பக்கத்து இடது சில்லில் காற்று நிற்பதேயில்லை. திங்கட்கிழமை அடித்த காற்று வியாழக்கிழமைக்குள் போன இடம் தெரியாமல் போய்விடும்.

துஷாந்த் அந்த வேனைச் சொந்தப் பிள்ளை மாதிரிப் பார்க்கிறவன் என்று யாராவது சொன்னால் அவன் மனைவி யசோதினி சிரிப்பாள். பிள்ளை பிறந்தால் இந்தளவுக்குக் குளிப்பாட்டுவீர்களா என்று அவனையே கேட்பாள். காலையில் குண்டசாலைப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தென்னகும்புர பாலத்தைக் கடந்து கண்டிப் பள்ளிக்கூடங்களில் இறக்குவான். பகலில் திரும்ப ஏற்றி வருவான். சனி ஞாயிறுகளில் கல்யாணம், கோயில், விமான நிலையம் என்று ஹயர் போவான். கலஹா பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்தெடுத்த அம்மாவுக்கும் கவ்வாத்து வெட்டிய அப்பாவுக்கும் பிறந்து, வருசக்கணக்காக அடுத்தவன் வாகனம் ஓட்டி, கல்யாணத்துக்குக் கொஞ்சம் முன்னால் சொந்தமாக வாங்கிய வேன் அது. அதன் சில்லு மினுங்குவதில் அவனுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. அந்தச் சில்லே அரித்துப்போனால் மனுசன் என்ன ஆவான்?

முதலில் டயர் கடைக்குப் போனான். கடைக்காரர் சில்லைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்த்துவிட்டு, "டயர்ல ஓட்ட இல்ல தம்பி. டயர் குந்துற விளிம்பு அரிச்சிருக்கு, அதுக்குள்ளால காத்து போவுது" என்றார். விளிம்பில் பசை பூசித் தந்தார். பசை கொஞ்ச நாள் தாங்கியது, பிறகு அதுவும் கைவிட்டது.

அதன் பிறகு துஷாந்த் தானே வைத்தியம் பார்க்க இறங்கினான். அவனிடம் உள்ள ஒரே கெட்ட பழக்கம் இதுதான். யூடியூபில் என்ன பாஷை என்றே புரியாத ஒரு பையன், என்னவோ ஒன்றை ஊற்றித் துணியால் துடைத்து, கண்ணாடி மாதிரி ஒரு சில்லை எடுத்துக் காட்டினான். ஊற்றியது என்னவென்று துஷாந்துக்கு விளங்கவில்லை; போத்தலின் நிறம் மட்டும் விளங்கியது. அதே நிறத்தில் ஒரு போத்தல் அவர்கள் வீட்டுக் கக்கூசில் இருந்தது. அந்த அசிட்டை எடுத்துப் பின்சில்லு ஒன்றில் தாராளமாக ஊற்றிவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தான். சில்லு கரிச்சட்டி நிறத்துக்கு வந்திருந்தது.

யசோதினி வெளியே வந்து சில்லைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், கையிலிருந்த போத்தலைப் பார்த்தாள். "நல்ல வேள, கக்கூசு கழுவ கொஞ்சம் மிச்சம் வச்சீங்களே" என்று போத்தலை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பள்ளிக்கூட விடுமுறை வந்தது. ஆட்டோ ஓட்டுகிற ஸாகி என்ற கூட்டாளி, கெலிஓயாவில், ஊரே அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் ஹபீலிடம் போகச் சொன்னான். அலுமினியச் சில்லின் அரிப்பெடுத்துப் புதுசாக்கித் தருவதில் அந்தப் பக்கமெங்கும் அவருக்கும் அவர் மனைவிக்கும் பெயர். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மகியங்கனைக்குப் போகும் ஹயர் இருந்தது. அந்தப் பாதையில் மலையிலிருந்து பதினெட்டு வளைவு இறங்க வேண்டும். காற்று நிற்காத சில்லோடு அதில் இறங்க துஷாந்துக்குத் தைரியம் இல்லை. புதன்கிழமை காலையிலேயே கெலிஓயாவுக்கு விட்டான்.

ரோட்டோரம் டயர் கழற்றும் மெஷினோடு ஹபீல் இருந்தார். அவருக்குப் பின்னால் வீட்டோடு ஒட்டிய தகரக் கொட்டகையில் அவர் மனைவி பஸ்லினா இருந்தார். கழற்றுவதும் பூட்டுவதும் ஹபீலின் வேலை. அரிப்பெடுத்துப் பெயின்ட் பூசுவது முழுக்க பஸ்லினாவுடையது. முழங்கை வரை ரப்பர் கையுறை, மூக்குக்கு மாஸ்க், பர்தாவுக்கு மேலே ஒரு பழைய ரெயின்கோட் என்று அவர் கொட்டகைக்குள் நின்ற கோலத்தைப் பார்த்து, முதலில் துஷாந்த் இது என்ன ஆஸ்பத்திரியா என்றுதான் நினைத்தான்.

ஹபீல் முதல் டயரைக் கழற்றினார். சில்லின் உள்விளிம்பை விரலால் தடவி, விரலில் ஒட்டிய வெள்ளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தம்பி என்ன, மீன் ஏத்துறீங்களா?"

"இல்லீங்க நானா. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க."

"இப்பிடிச் சில்லு எங்களுக்கு வாரது நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்தாலதான். கண்டி வாகனத்தில நான் காணவே இல்ல. இது உப்பு தின்ட சில்லு."

உப்பு என்ற சொல் காதில் விழுந்ததுமே துஷாந்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கிய வேகத்தில் வாயை இறுக மூடிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும் யசோதினி ஒரு செம்பில் மஞ்சள் தண்ணீர் கரைப்பாள். அதில் கைநிறையக் கல்லுப்பை அள்ளிப் போட்டு, வேனை மூன்று சுற்று சுற்றி வந்து, நாலு சில்லிலும் சரிசமமாக ஊற்றுவாள். ஊர்க்கண், உறவுக்கண், ரோட்டில் போகிறவன் வருகிறவன் கண் எல்லாம் அதோடு கழிந்துபோக வேண்டும். மற்ற வீடுகளில் வாகனம் வாங்கிய அன்று எலுமிச்சம்பழம் நசுக்குவார்கள், ஆயுதபூசைக்குப் பூசணிக்காய் உடைப்பார்கள், அதோடு மறந்துவிடுவார்கள். யசோதினி, ஒரேயொரு வாரம் தவிர, எந்த வெள்ளிக்கிழமையையும் விட்டதில்லை. அதிலும் ஒரு சட்டம் வைத்திருந்தாள்: கழித்த தண்ணீரைக் கழுவக் கூடாது, கழுவினால் போன கண் திரும்பி வந்துவிடும். தினமும் வேனைக் குளிப்பாட்டுகிற துஷாந்த் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் மட்டும் சில்லில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்வான். உப்பு யாருடைய தொந்தரவும் இல்லாமல் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறது.

அவளைக் குறை சொல்ல அவனுக்கு வாய் வராது. யசோதினியின் அப்பா பழனியாண்டி நுவரெலியாவிலிருந்து மரக்கறி ஏற்றி வந்த லொறிச் சாரதி. அவள் பள்ளிக்கூடம் போகிற வயதில், றம்பொடைப் பக்கத்து வளைவொன்றில் அந்த லொறி புரண்டது. அவர் வீட்டுக்கு உயிரோடு வரவில்லை. இன்றைக்கு அவள் கண்டி டவுனில் மருந்துக் கடையில் நின்று ஊருக்கெல்லாம் குளிசை எடுத்துக் கொடுக்கிறாள். காய்ச்சலுக்கு விபூதி பூசினால் போதும் என்று வருகிறவர்களை அவளே திட்டி டொக்டரிடம் அனுப்புவாள். ஆனால் ரோட்டைப் பற்றிய பயத்துக்கு அந்தக் கடையில் குளிசை இல்லை. வெள்ளிக்கிழமை அந்தச் செம்புத் தண்ணீரை ஊற்றினால்தான் அவளுக்கு இராத்திரி தூக்கம் வரும். ஊற்றாத வாரத்தில் அவன் ஹயர் போனால், திரும்பி வந்து கேட் திறக்கிற சத்தம் கேட்கிற வரைக்கும் சாப்பிட மாட்டாள். அப்படி ஒரு வாரம்தான் நடந்தது, காய்ச்சலில் அவள் படுத்திருந்த வாரம். அந்த முகத்தை அவன் மறக்கவில்லை.

"எப்பிடி உப்பு பட்டிச்சின்னு தெரியலீங்க நானா" என்று சொன்னான்.

அதற்குள் பஸ்லினா கொட்டகையிலிருந்து வந்து சில்லைத் திருப்பிப் பார்த்தார். நட்டுப் போடுகிற குழிகளுக்குள் ஒரு நிறம் தங்கியிருந்தது.

"இது மஞ்சளல்லவா?"

மாட்டிக்கொண்டான். வேறு வழியில்லாமல், தலையைச் சொறிந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். மாமனாரின் லொறி வரைக்கும் சொல்லிவிட்டான். சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்து, சிரித்தால் கூடச் சிரிப்பதற்கு முகத்தையும் தயாராக வைத்திருந்தான். புருசன் பெண்சாதி இருவருமே சிரிக்கவில்லை.

"ஏன் தம்பி வெக்கப்படுறீங்க?" என்றார் பஸ்லினா. "இவர் வாகனத்த எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டா நானும் குர்ஆன் ஓதி மேல ஊதாம விடுறல்ல. என்ன, ஊதுறதுக்கு சில்லு அரிக்காது. அவ்வளவுதான் வித்தியாசம்." பிறகு வேனின் கறுத்துப்போன பின்சில்லைக் காலால் தட்டி, "இதாரு செஞ்ச வேல?" என்று கேட்டார்.

"அது... நான்தாங்க ராத்தா."

"அசிட்டா?"

"கக்கூசு கழுவுறது."

"பொஞ்சாதி இத்தன நாளா செஞ்சத நீங்க ஒரே நாளில செஞ்சீக்கிறீங்க" என்றார். இப்போது ஹபீல் சிரித்தார். துஷாந்தும் தயாராக வைத்திருந்த சிரிப்பைச் செலவழித்தான்.

வேனைக் கல் வைத்து உயர்த்தி, நாலு சில்லையும் கழற்றி, நாலு டயரையும் ஒரு பக்கம் அடுக்கினார்கள். கால் இல்லாத வேனை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் துஷாந்த் அன்று பகல் வரைக்கும் கொட்டகை வாசலிலேயே ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டான். பஸ்லினா பழைய பெயின்டைக் கழற்றும் களிம்பைப் பிரஷ்ஷால் தடவி, பொலித்தீனால் சுற்றி வைத்தார். கொஞ்ச நேரத்தில் பெயின்ட் சுருங்கி எழும்பியது. பலகைத் துண்டால் அதை வழித்து, தண்ணீரால் கழுவி, சேன்ட் பேப்பரை நனைத்து நனைத்துத் தேய்த்தார். முதலில் சொரசொரப்பானது, பிறகு மெல்லியது, பிறகு அதிலும் மெல்லியது. இரும்புக் கம்பி பிரஷ் ஒன்று சுவரில் தொங்கியது. அதை எடுத்தால் சுளுவாக முடியுமே என்று துஷாந்த் யோசனை சொன்னான்.

"அது இரும்புக் கேட்டுக்கு" என்றார் பஸ்லினா. "இதில போட்டா இரும்புத் தூள் உள்ளுக்குப் போய்க் குந்திக்கொள்ளும். பொறகு அந்த இடத்தில இருந்தே திரும்ப அரிக்கும். வெள்ள போச்சின்டு கண்ணால பாத்து விடவும் ஏலாது. குழிக்குள்ள துளி மிஞ்சினாலும் புதுப் பெயின்டுக்குக் கீழால வளரும். உங்கட சில்லில குழி கொஞ்சமில்ல தம்பி, அம்மை போட்டு எழும்பின முகம் மாதிரி ஈக்கிது."

துஷாந்த் அதன் பிறகு யோசனை சொல்லவில்லை.

பஸ்ஸில் வீட்டுக்கு வந்தான். என்ன சொன்னார்கள் என்று யசோதினி கேட்டாள். "கழுவித் தருவாங்களாம், வெள்ளிக்கெழம வரச் சொன்னாங்க" என்று மட்டும் சொன்னான். வெள்ளிக்கிழமை என்றதும் அவள், "நல்லதாப் போச்சி, புதுச் சில்லுக்கு அன்னிக்கே சுத்திப் போட்டுடலாம்" என்றாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். உப்பு ஊற்றாதே என்று சொன்னால் அவள் நிறுத்திவிடுவாள், அதில் சந்தேகமில்லை. நிறுத்திவிட்டு, ஒவ்வொரு ஹயருக்கும் சாப்பிடாமல் கேட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அதை விடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. புருசனைக் காப்பாற்ற ஊற்றிய தண்ணீர்தான் அவன் போகிற வண்டியின் சில்லை அரித்தது என்று தெரிந்தால், அந்த மனசு என்ன பாடுபடும்? சொல்லாமலே விட்டாலும் புதுச் சில்லுக்கு மறுபடியும் அதே கதி. வியாழக்கிழமை முழுக்க இதையே மென்றுகொண்டு திரிந்தான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து கடை திறக்கிற நேரத்துக்குக் கெலிஓயாவில் போய் இறங்கினான். மூன்று சில்லுகள் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. வாங்கிய அன்றுகூட அவை அப்படி மினுங்கியிருக்காது. கறுத்துப்போன சில்லு எது என்று அவனாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. கையெடுத்துத் தொடப் போனவனை ஹபீல் கூப்பிட்டார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"இஞ்ச வாங்க தம்பி. ஒரு சாமான் காட்டணும்."

நாலாவது சில்லு, காற்று நிற்காத அந்த முன்பக்கத்து இடது சில்லு, பெயின்ட் பூசாமல் வெறும் அலுமினியமாக மேசையில் கிடந்தது. பஸ்லினா அதன் உட்புற வளையத்தைக் காட்டினார். அங்கே ஒரு மெல்லிய கறுப்புக் கோடு.

"நான் மொதல்ல தலமுடி ஒட்டி ஈக்கிதுன்டு நெனச்சேன். தொடச்சேன், போகல்ல. நெகத்தால சொரண்டிப் பாத்தேன். நெகம் மாட்டுது."

ஹபீல் ஒரு துணியில் மண்ணெண்ணெய் நனைத்து அந்த இடத்தில் தடவினார். நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, சோக்கட்டியால் மேலே வெள்ளையாகத் தேய்த்தார். மூவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெள்ளைக்கு நடுவில் ஈரம் மெல்ல ஊறி வந்தது. ஒரு விரல் நீளத்துக்குக் கோடு போட்டது.

"வெடிப்பு" என்றார் ஹபீல். "இது உப்பு செஞ்ச வேல இல்ல. எங்கயோ குழியில பலமா அடி பட்டீக்கிது."

துஷாந்துக்கு அந்தக் குழி உடனே ஞாபகம் வந்தது. மழைக்குப் பிறகு தென்னகும்புர பக்கத்தில் ஒரு வளைவு, தண்ணீர் நிறைந்து கிடந்த குழி, வேன் ஒரு பக்கமாக இடித்து எழும்பியது, பின்னால் பிள்ளைகள் ஹோவென்று கத்திச் சிரித்தது. இறங்கிப் பார்த்தான், டயர் நன்றாக இருந்தது, பிள்ளைகளோடு சேர்ந்து அவனும் சிரித்துவிட்டு ஓட்டிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு இத்தனை நாளாக அந்த வெடிப்புக்கு மேலேதான் அந்தப் பிள்ளைகளை ஏற்றி இறக்கியிருக்கிறான்.

"காத்து போனது இதால இல்ல" என்று ஹபீல் சொல்லிக்கொண்டிருந்தார். "இது இன்னும் வெளிப்பக்கம் வரல்ல. காத்து போனது உப்பு அரிச்ச விளிம்பால. இது சத்தமே போடாம இருந்து, ஒரு நாளைக்கு பாரத்தோட பள்ளத்தில பிரேக் அடிக்கிற நேரம் ஒரேயடியா கழண்டு போகும்."

"ஞாயித்துக்கெழம பதினெட்டு வளைவு எறங்க இருந்தேங்க நானா" என்றான் துஷாந்த்.

ஹபீல் அந்தச் சில்லை மேசையிலிருந்து இறக்கி ஓரமாக வைத்தார். பிறகு, "வெல்டிங் அடிக்க ஏலும். அடிச்சி பெயின்ட் பூசினா உங்களுக்கும் விளங்காது, எனக்கும் விளங்காது. ஆனா நான் அடிச்சித் தர மாட்டேன்" என்றார். கொட்டகைக்குப் பின்னால் போய், அதே வேனுக்குப் பொருந்தும் ஒன்றை எடுத்து வந்தார். முந்தின நாளே பழைய சில்லுக் குவியலைக் கிளறி அவர் அதைத் தேடியெடுத்து, வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்துக் கொடுக்க, பஸ்லினா அரிப்பெடுத்துப் பெயின்டும் பூசி வைத்துவிட்டிருந்தார். அவன் வருகிற வரைக்கும் அதை மறைத்து வைத்திருந்தது, உடைந்ததைக் காட்டாமல் நல்லதைக் கொடுத்தால் விசயத்தின் பாரம் அவனுக்கு விளங்காது என்பதற்காகத்தான்.

நன்றி என்ற சொல் துஷாந்துக்கு, பஸ் கண்டக்டருக்குச் சொல்கிற சொல்லாகத் தெரிந்தது. தோட்டத்துப் பழக்கத்தில் இரண்டு கையும் தானாக எழும்பிப் பஸ்லினாவைக் கும்பிட்டுவிட்டன. அவர் பதறிப்போனார்.

"ஐயோ, எங்களக் கும்பிடாதீங்க தம்பி! காப்பாத்தினவன் மேல ஈக்கிறான், அவனுக்குச் சொல்லுங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்கட பொஞ்சாதிக்கும் சொல்லுங்க" என்றார். "அந்தப் புள்ள உப்பு ஊத்தி இருக்காட்டி விளிம்பு அரிச்சீக்காது. விளிம்பு அரிச்சீக்காட்டி நீங்க இந்தச் சில்லக் கழட்டியே ஈக்க மாட்டீங்க."

வெடித்த சில்லை அவன் கேட்டு வாங்கி வேனுக்குள் போட்டுக்கொண்டான். பேராதனையைக் கடந்து, கண்டி டவுன் நெரிசலில் ஊர்ந்து, தென்னகும்புர பாலத்தில் ஏறும்வரைக்கும் அவன் வேகமாக ஓட்டவேயில்லை. பின்னால் ஹோர்ன் அடித்தவர்களையெல்லாம் முன்னால் விட்டான். காற்று நன்றாக இருந்தது, ஸ்டியரிங் நேராக இருந்தது, மகாவலி கங்கை கீழே அமைதியாகப் போய்க்கொண்டிருந்தது. உயிரோடு இருப்பது இவ்வளவு சாதாரணமாக இருக்கும் என்று அவன் அதுவரை யோசித்ததில்லை. அழுகை வந்தது; அழுதுகொண்டே ஓட்டினான்.

வீட்டு முற்றத்தில் வேனை நிறுத்தியபோது பொழுது சாய்ந்திருந்தது. யசோதினி கடையிலிருந்து வந்து குளித்து, செம்போடு தயாராக நின்றாள். சில்லுகளைப் பார்த்ததும் அவள் கண் விரிந்தது.

"ஆத்தாடி, இந்த மினுங்கு மினுங்குது! ஊருக் கண்ணு பூரா இதுல தான விழும்" என்றவள், செம்பைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே ஓடி இன்னும் ஒரு கை உப்பை அள்ளி வந்து போட்டாள்.

வழி முழுக்க அவன் நல்ல நல்ல வசனமாக யோசித்து வைத்திருந்தான். அவள் செம்பைத் தூக்கிக்கொண்டு முதல் சில்லை நோக்கி நடந்ததும் எல்லாம் மறந்துபோனது.

"உப்பு ஊத்தாத!" என்று கத்திவிட்டான்.

அவள் நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் அப்படிக் கத்தியதில்லை. செம்பைப் பார்த்தாள், சில்லைப் பார்த்தாள். மருந்துக் கடையில் நிற்கிறவளுக்கு உப்பு என்ன செய்யும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"நான் ஊத்துனதுல தான் சில்லு அரிச்சிச்சா?"

"ஆமா. ஆனா..."

"எத்தன நாளா காத்து போயிக்கிட்டு இருந்திச்சி. புள்ளைங்கள ஏத்திக்கிட்டு..." செம்பைக் கீழே வைத்தாள். "ஒங்களுக்கு ஏதாச்சும் ஆகியிருந்தா?"

"யசோ, நில்லு. மொதல்ல இத பாரு."

அவன் வேனுக்குள்ளிருந்து வெடித்த சில்லைத் தூக்கி வந்து வாசற்படியில் வைத்தான். அவளை உட்கார வைத்து, அவள் விரலைப் பிடித்து, நகத்தை அந்தக் கோட்டின் மேல் வைத்து இழுத்தான். நகம் மாட்டியது. குழியைச் சொன்னான், மண்ணெண்ணெயையும் சோக்கட்டியையும் சொன்னான், பதினெட்டு வளைவைச் சொன்னான், பஸ்லினா ராத்தா கண்ணைத் துடைத்ததைச் சொன்னான். முன்னுக்குப் பின்னாகத்தான் சொன்னான். அவளுக்கு எல்லாம் விளங்கியது.

"நீ ஊத்துன உப்பு தான் என்னய அங்க இழுத்துக்கிட்டுப் போச்சி. இல்லாட்டி ஞாயித்துக்கெழம நான் வீட்டுக்கு வந்திருக்க மாட்டேன். ஒன்னால தான் நான் இருக்கேன் யசோ. அத சொல்லத் தான் வழி பூரா யோசிச்சிக்கிட்டு வந்தேன், வந்து கத்திட்டேன்."

அவள் சில்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். அப்பாவுக்கு அழுததற்குப் பிறகு அப்படி அழுதது இதுதான். அழுது ஓய்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நியாயமான ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்ப எதுக்கு இனிமே ஊத்த வேணாங்குறீங்க?"

துஷாந்த் அரித்துப்போன விளிம்பைக் காட்டினான். அவள் விடவில்லை.

"இந்தத் தடவ உப்பு காட்டிக் குடுத்திச்சி. அடுத்த தடவ யாரு காட்டிக் குடுப்பா?"

"நீ தான்" என்றான். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. "வெள்ளிக்கெழம வெறும் தண்ணியால கழுவுவோம். நான் சில்லக் கழட்டித் தாறேன். நீ உள்ளுக்கும் வெளியிலயும் வெரல வச்சிப் பாரு. அந்த ராத்தா பாத்த மாதிரி. ஒன் கைக்குத் தப்பி ஒண்ணும் போவாது."

அவள் தன் விரல்களைப் பார்த்தாள். சரி என்று தலையாட்டினாள். ஆனால் செம்பு இன்னும் அங்கேயே இருந்தது. மஞ்சள் தண்ணீரில் உப்பு முழுதாகக் கரைந்துவிட்டிருந்தது.

"கரைச்சாச்சே. இத என்னா செய்யறது?"

கேட்டுவிட்டு அவனை ஏறிட்டுப் பார்த்தாள். காய்ச்சல் வாரத்தில் அவன் கண்ட அதே முகம். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டு, முற்றத்தின் நடுவில் போய்க் கிழக்கே பார்த்து நின்றான். "எனக்கு ஊத்து" என்றான். "நான் அரிக்க மாட்டேன்."

அவள் உடனே வரவில்லை. செம்பை எடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கல்யாணம் முடிஞ்சி மொத வெள்ளிக்கெழம ஒங்கள தான் நிக்கச் சொன்னேன். ஞாபகம் இருக்கா?"

அவனுக்கு ஞாபகம் இல்லை.

"நான் என்ன கைப்புள்ளயான்னு கேட்டுச் சிரிச்சிட்டு வேன் கழுவப் போயிட்டீங்க. எங்கப்பாவும் அப்பிடித்தான், நிக்க மாட்டாரு. ரெண்டாந் தடவ கேக்க எனக்கு வெக்கமா இருந்திச்சி. வேன் ஒண்ணும் சொல்லாதில்ல. அதான் அதுக்கு ஊத்துனேன்."

இத்தனை வெள்ளிக்கிழமையும் அவனுக்குப் பதிலாக அந்த வேன் நின்றிருக்கிறது. அவன் வாங்க வேண்டியதையெல்லாம் அது வாங்கி, நாலு காலும் அரித்துப்போய், கடைசியில் அவனையும் காப்பாற்றிவிட்டு ஒன்றும் சொல்லாமல் நிற்கிறது.

யசோதினி அவனைச் சுற்றி வந்தாள். வலப்பக்கம் ஒரு சுற்று, இன்னும் ஒரு சுற்று, மூன்றாவது சுற்று. வாய்க்குள் என்னவோ முணுமுணுத்தாள். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது, அவன் அசையவில்லை. செம்பைச் சாய்த்து இரண்டு பாதத்திலும் சரிசமமாக ஊற்றினாள். தண்ணீர் குளிர்ந்தது. குதிகால் வெடிப்பில் உப்புப் பட்டு எரிந்தது.

"முடிஞ்சிச்சி. போங்க" என்றாள்.

"இன்னொரு சுத்து சுத்து" என்று சொல்லிவிட்டு, துஷாந்த் அந்த இடத்திலேயே நின்றான்.